சிலோன் ரூபாய்க்கு இந்திய ரூபாய் எவ்வளவு? பழைய தாள் ஒன்றை முன்வைத்து ஒரு கணக்கு

கேள்வி இதுதான்: "தாத்தா மலையகத்தில் தேயிலைத் தோட்ட வேலை பார்த்துவிட்டு 1970இல் மண்டபம் முகாம் வழியாகத் தமிழ்நாட்டுக்குத் திரும்பினார். சேமலாப நிதி (வருங்கால வைப்பு நிதி), பணிக்கொடை எல்லாம் சேர்த்து 3,200 இலங்கை ரூபாய் என்று அவருடைய பழைய தாளில் இருக்கிறது. இன்று ஒரு இந்திய ரூபாய்க்குச் சுமார் மூன்றரை இலங்கை ரூபாய். அப்படியானால் அவர் கொண்டுவந்தது ஆயிரம் ரூபாய்கூட இல்லையா? இரண்டு ரூபாயும் ஒரு காலத்தில் சமம் என்று பாட்டி சொல்வது உண்மையா?"

பாட்டி சொல்வது உண்மைதான். 1966 ஜூன் வரை இரண்டும் சமம். அதற்குப் பிறகு சில ஆண்டுகள் இலங்கை ரூபாய்தான் மதிப்புக் கூடியதாக இருந்தது. 1970இன் அதிகாரபூர்வ விகிதப்படி தாத்தாவின் 3,200 இலங்கை ரூபாய், இந்தியக் கணக்கில் 4,032 ரூபாய். ஆனால் அதே 1970இல் இலங்கையில் இன்னொரு விகிதமும் சட்டப்படியே நடைமுறையில் இருந்தது. அதன்படி பார்த்தால் 2,602 ரூபாய். ஒரே ஆண்டில் ஒரே தொகைக்கு இரண்டு விடை வருவது எப்படி என்பதைச் சொல்லாமல் ஒற்றை எண்ணை மட்டும் கொடுத்தால் அது அரைகுறைப் பதிலாகிவிடும். அதனால் கொஞ்சம் பின்னால் போகிறேன்.

முதலில், இவை ஒன்றுக்கொன்று சமமாக வைக்கப்பட்ட இரண்டு நாணயங்களாகத் தொடங்கவில்லை. தொடக்கத்தில் இருந்தது ஒரே நாணயம். இந்தியாவில் அச்சான வெள்ளி ரூபாய்தான் இலங்கையிலும் புழங்கியது. 1872 ஜனவரி 1 முதல் இலங்கை அரசு பிரிட்டிஷ் பவுன், ஷில்லிங் கணக்கை விட்டுவிட்டு, ரூபாயையும் சதத்தையும் தன் கணக்காக ஏற்றது. வேறுபாடு சில்லறையில் மட்டும்தான். இந்தியாவில் ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா, இலங்கையில் நூறு சதம். நாலணாவும் இருபத்தைந்து சதமும் ஒன்றே. இந்தியா தசமக் கணக்குக்கு, அதாவது நயா பைசாவுக்கு வந்தது 1957 ஏப்ரலில். இலங்கை அதை எண்பத்தைந்து ஆண்டு முன்னாலேயே செய்துவிட்டது. பழைய தாளில் 'சதம்' என்று இருந்தால் அது இலங்கைக் கணக்கு, 'அணா' என்று இருந்தால் இந்தியக் கணக்கு. குடும்பக் காகிதங்களைப் பிரிக்க இதைவிட எளிய அடையாளம் எனக்குத் தெரிந்து இல்லை.

1884இல் ஓரியண்டல் வங்கி நொடித்துப் போனது. இலங்கையில் பெருமளவில் நோட்டு வெளியிட்டு வந்த வங்கி அது. மக்கள் கையில் இருந்த நோட்டுக்கு அரசு பொறுப்பேற்க வேண்டி வந்தது. அந்த ஆண்டே சட்டம் போட்டு, நோட்டு வெளியிடும் வேலையை நாணய ஆணையர் குழு ஒன்றிடம் கொடுத்தார்கள். அப்போதுதான் இலங்கைக்கென்று அரசு நோட்டு வந்தது. ஆனாலும் ரூபாய் வேறாகிவிடவில்லை. பவுனுக்கு எதிராக இந்திய ரூபாய் எங்கே போனதோ அங்கேயே இலங்கை ரூபாயும் போனது. 1870களில் இரண்டு ஷில்லிங்கை ஒட்டி இருந்த ரூபாய், உலகில் வெள்ளி விலை விழ விழத் தானும் இறங்கியது. 1893இல் இந்திய நாணயச் சாலைகள் பொதுமக்களின் வெள்ளியை வாங்கி நாணயமாக்கித் தருவதை நிறுத்தின. அதன் பிறகு ஒரு ஷில்லிங் நாலு பென்ஸ் என்று, அதாவது பவுனுக்கு 15 ரூபாய் என்று நிலைத்தது. 1927இல் ஒரு ஷில்லிங் ஆறு பென்ஸ், அதாவது பவுனுக்கு 13.33 ரூபாய். இந்த முடிவுகளில் எதுவும் கொழும்பில் எடுக்கப்பட்டதல்ல. ஆனால் எல்லாமே தோட்டத்தைத் தொட்டது. கூலி கொடுப்பது ரூபாயில், தேயிலை விற்பது பவுனில். ரூபாய் மலிந்தால் துரைமாருக்கு லாபம், ஏறினால் நட்டம். தொழிலாளி பக்கம் பார்த்தால், இலங்கையில் சம்பாதித்த ரூபாயும் இராமநாதபுரத்திலோ புதுக்கோட்டையிலோ செலவான ரூபாயும் ஒன்றே. ஊருக்குப் பணம் அனுப்புகிறவர் விகிதம் என்ற ஒன்றை நினைத்துப் பார்க்கவே தேவையிருக்கவில்லை. செட்டியார்களின் உண்டியல் தாள், அதாவது பணம் அனுப்பும் சீட்டு, கொழும்பு செட்டியார் தெருவிலிருந்து செட்டிநாட்டுக்குப் போனபோதும் அப்படியே.

இரு நாடுகளும் விடுதலை அடைந்த பிறகும் இது உடனே மாறவில்லை. 1949 செப்டம்பரில் பிரிட்டன் பவுனின் மதிப்பைக் குறைத்தபோது இந்தியாவும் இலங்கையும் கூடவே குறைத்தன. டாலருக்கு 3.31 ஆக இருந்த ரூபாய் இரண்டு நாட்டிலும் 4.76 ஆனது. பாகிஸ்தான் மட்டும் குறைக்க மறுத்தது. அதனால் ஒரே இரவில் 100 பாகிஸ்தான் ரூபாய்க்கு 144 இந்திய ரூபாய் என்று ஆனது. இந்தியா அந்த விகிதத்தை ஏற்காததால் இரு நாட்டு வணிகமே முடங்கியது. பதினேழு ஆண்டு கழித்து இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையே இதே மாதிரி ஒரு விரிசல் வந்தது என்பதால் இதைச் சொல்கிறேன்.

1950 ஆகஸ்ட் 28 அன்று இலங்கை மத்திய வங்கி தொடங்கியது. ஜான் எக்ஸ்டர் என்ற அமெரிக்கர் அதன் முதல் ஆளுநர். வங்கிக்கான சட்டம் இலங்கை ரூபாயை 2.88 கிரெய்ன் சுத்தத் தங்கம் என்று வரையறுத்தது. அன்று இந்திய ரூபாயின் தங்க மதிப்பும் அதே 2.88 கிரெய்ன். ஓர் அவுன்ஸ் தங்கம் 480 கிரெய்ன். அதன் விலை 35 டாலர். வகுத்துப் பார்த்தால் ஒரு ரூபாய்க்கு 21 அமெரிக்க சென்ட், டாலருக்கு 4.76 ரூபாய். ஆக, 1950க்குப் பிறகு நாணயங்கள் உண்மையிலேயே இரண்டாகிவிட்டன. ஆனால் அளவுகோல் ஒன்றாகவே இருந்ததால் வெளியே தெரியவில்லை. பாட்டியின் நினைவில் இருக்கும் 'சமம்' இந்தக் காலத்தது.

அது உடைந்த நாள் 1966 ஜூன் 6. இந்திரா காந்தி அரசு டாலருக்கு 4.76 ஆக இருந்த இந்திய ரூபாயை 7.50 ஆக்கியது. இதைச் சிலர் 36.5 விழுக்காடு மதிப்புக் குறைப்பு என்று எழுதுவார்கள், சிலர் 57.5 விழுக்காடு என்பார்கள். இரண்டும் சரி. ஒரு ரூபாய்க்குக் கிடைக்கும் டாலர் 36.5 விழுக்காடு குறைந்தது; ஒரு டாலருக்குக் கொடுக்கும் ரூபாய் 57.5 விழுக்காடு கூடியது. இலங்கை அன்று அசையவில்லை, 4.76லேயே நின்றது. எனவே 100 இலங்கை ரூபாய்க்கு 157 ரூபாய் 50 பைசா என்பதே புதிய அதிகாரபூர்வ விகிதம். பதினேழு மாதம் இப்படி இருந்தது. 1967 நவம்பரில் பிரிட்டன் மறுபடியும் பவுனைக் குறைத்தபோது இலங்கையும் 20 விழுக்காடு குறைத்து டாலருக்கு 5.95 ரூபாய்க்கு வந்தது. இந்தியா அந்த முறை குறைக்கவில்லை. 7.50ஐ 5.95ஆல் வகுத்தால் 1.26. 100 இலங்கை ரூபாய்க்கு 126 இந்திய ரூபாய்.

இந்த எண்கள் ஒரு குடும்பத்துக்கு என்ன அர்த்தம் தந்தன என்று பாருங்கள். 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி, இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தர வேண்டும். திரும்பிப் போகும் ஒரு குடும்பம் கொண்டுபோக அனுமதிக்கப்படும் சொத்தின் உச்சவரம்பை 4,000 ரூபாய்க்குக் கீழே குறைக்கக் கூடாது என்றும் அதில் எழுதினார்கள். எழுதிய அன்று 4,000 என்றால் இந்தியாவிலும் 4,000. 1966 ஜூனுக்குப் பிறகு அதிகாரபூர்வ விகிதப்படி 6,300. 1967 நவம்பருக்குப் பிறகு 5,040. 1978 வாக்கில் சுமார் 2,100. ஒப்பந்தத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை. எந்த ஆண்டில் கப்பல் ஏறினார்கள் என்பதை வைத்து ஒரு குடும்பத்தின் கைப்பணம் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கக்கூடும். நான் இந்த விகிதங்களைத் தேடித் தேடிப் படிக்கத் தொடங்கியதற்குக் காரணமே இந்த 4,000 ரூபாய்தான். தலைமுறை தலைமுறையாக மலையில் உழைத்தவர்களின் மொத்தச் சேமிப்பு, அவர்கள் கேள்விப்பட்டே இராத ஓர் எண்ணில் தொங்கிக்கொண்டிருந்தது.

இனி அந்த இரண்டாவது விகிதம். 5.95 என்பது இலங்கைக்குத் தாங்கக்கூடிய விலை அல்ல. ஏற்றுமதி வருமானம் தேயிலை, ரப்பர், தென்னையை நம்பியிருந்தது. இறக்குமதியில் பெரும் பங்கு அரிசியும் மாவும் சர்க்கரையும். ரூபாயின் மதிப்பை வெளிப்படையாகக் குறைத்தால் கூப்பன் (பங்கீட்டு) அரிசிக்கு அரசு கொடுக்கும் மானியம் வீங்கும். அதனால் 1968 மே மாதத்தில் டட்லி சேனநாயக்க அரசு ஒரு நடுவழி கண்டுபிடித்தது. அதன் பெயர் அந்நியச் செலாவணி உரிமைச் சான்றிதழ். ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து 'ஃபீக்' என்பார்கள். உணவு, மருந்து போன்ற அத்தியாவசிய இறக்குமதிக்கும் தேயிலை, ரப்பர், தென்னைப் பொருள் ஏற்றுமதிக்கும் பழைய 5.95. மற்றவற்றுக்கு டாலர் வேண்டுமானால் 5.95 கொடுப்பதோடு, அதற்கு மேல் சான்றிதழும் வாங்க வேண்டும். சான்றிதழின் விலை முதலில் 44 விழுக்காடு, 1969இல் 55, 1972இல் 65. 55 விழுக்காடு சேர்த்தால் டாலர் 9.22 ரூபாய். அப்போது இந்தியாவில் டாலர் 7.50 ரூபாய். எனவே இந்த வழியில் வந்தால் ஒரு இலங்கை ரூபாய்க்கு 81 பைசாதான்.

பேருக்கு ஒரு மதிப்புக் குறைப்பு 1967இல் நடந்தது. உண்மையில் நடந்தது 1968இல் இந்தச் சான்றிதழால்தான் என்று நான் நினைக்கிறேன். பழைய புள்ளிவிவர அட்டவணைகளைத் திறந்தால் 1968 முதல் 1977 வரை அதிகாரபூர்வ விகிதம் மட்டும் இருக்கும். அதை மட்டும் பார்க்கிறவர், எழுபதுகளிலும் இலங்கை ரூபாய் இந்திய ரூபாய்க்கு மேலே வலுவாக நின்றது என்று முடிவுகட்டிவிடுவார். வேதாரண்யத்துக்கும் வல்வெட்டித்துறைக்கும் இடையே படகில் பொருள் போய்வந்த காலம் அது. செலாவணிக் கட்டுப்பாடு இறுக இறுக வங்கி விகிதத்துக்கும், வங்கிக்கு வெளியே பணம் மாறும் உண்டியல் விகிதத்துக்கும் இடைவெளி பெருகும். எந்த நாட்டிலும் அப்படித்தான். அந்த விகிதங்கள் எந்த அரசு அட்டவணையிலும் ஏறாது. சான்றிதழின் விலையை மூன்று முறை நிர்ணயித்ததன் மூலம் இலங்கை அரசே 5.95 உண்மையான விலை அல்ல என்று ஒப்புக்கொண்டதாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

1977 நவம்பரில் ஜே. ஆர். ஜெயவர்த்தன அரசின் நிதியமைச்சர் ரொனி டி மெல் தன் வரவுசெலவுத் திட்டத்தில் இந்த இரட்டை விகிதத்தை ஒழித்தார். இரண்டும் ஒன்றாகி, டாலர் சுமார் 16 ரூபாயில் தொடங்கியது. அதற்குச் சற்று முன்புவரை அதிகாரபூர்வ விகிதம் ஒன்பது ரூபாய்க்குக் கீழேயே இருந்தது. இந்தியாவிலும் டாலர் ஒன்பதை ஒட்டித்தான் இருந்தது. ஆகவே 1976–77இல் தாளளவில் இரு ரூபாயும் மறுபடி சமமாகத் தெரியும். பழைய சமத்துக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. 1978இல் ஒரு இந்திய ரூபாய்க்குச் சுமார் 1.90 இலங்கை ரூபாய். இன்று நாம் பழகியிருக்கும் திசை அங்கேதான் தொடங்குகிறது.

அதற்குப் பிந்திய கதையை வேகமாகவே சொல்லலாம். 1990இல் ஒரு இந்திய ரூபாய்க்குச் சுமார் 2.30 இலங்கை ரூபாய். ஆனால் விகிதம் எப்போதும் ஒரே பக்கம்தான் சாயும் என்று நினைத்துவிடாதீர்கள். 1991 ஜூலையில் இந்தியா இரண்டு தவணையாக ரூபாயைக் குறைத்தது. 1993க்குள் விகிதம் 1.60க்கு அருகே இறங்கிவிட்டது. நேபாளம் தன் ரூபாயை இந்திய ரூபாய்க்கு 1.60 என்று கட்டிப்போட்டதும் அதே 1993இல்தான். அது அறிவித்துப் பிணைத்த விகிதம், இலங்கையுடையது தற்செயல். நேபாளத்தில் இன்றும் அதே 1.60. இலங்கை 2001 ஜனவரியில் ரூபாயைச் சந்தையில் மிதக்கவிட்டது. 2010இல் விகிதம் 2.50க்குப் பக்கம், 2021இல் 2.70. பிறகு 2022. பல மாதம் டாலருக்கு 203 ரூபாய்க்கு மேல் போகவிடாமல் பிடித்து வைத்திருந்தார்கள். மார்ச் 7 அன்று பிடியை விட்டதும் இரண்டே மாதத்தில் 360ஐத் தொட்டது. இடையில் ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கொடுப்பதை நிறுத்துவதாக இலங்கை அறிவித்தது. மே மாதத்தில் ஒரு இந்திய ரூபாய்க்கு 4.60க்கு மேல். 2024 முடிவில் அது 3.40 அளவுக்குத் திரும்பி வந்தது. ஒரு செயற்கை விலையை நெடுநாள் பிடித்து வைத்தால் அது வெடித்துத்தான் வெளியே வரும். 1977க்கும் 2022க்கும் இடையே எனக்கு இதில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. 1977இல் அரசு தானாக முன்வந்து செய்தது, 2022இல் வேறு வழியில்லாமல் செய்தது, அவ்வளவுதான்.

இன்றைய விகிதத்தை வைத்துப் பழைய தொகையைக் கணக்கிடுவது ஏன் தவறு என்பது இப்போது புரிந்திருக்கும். நீங்களே கணக்குப் போட்டுப் பார்ப்பதானால் வேறு இரண்டு இடங்களில் வழுக்கலாம்.

1978க்குப் பிந்திய விகிதங்கள் என்று மேலே சொன்னவை எல்லாம் டாலர் வழியாக வகுத்து எடுத்தவை. பழைய விகிதங்களையும் அப்படித்தான் எடுக்க வேண்டும். இலங்கையில் டாலர் எத்தனை ரூபாய், இந்தியாவில் எத்தனை ரூபாய், முதலாவதை இரண்டாவதால் வகுக்க வேண்டும். இதில் இரண்டு எண்ணும் ஒரே காலத்தைக் குறிக்க வேண்டும். ரிசர்வ் வங்கி அட்டவணைகளில் நிதியாண்டுச் சராசரி இருக்கும், ஏப்ரல் முதல் மார்ச் வரை. இலங்கை மத்திய வங்கி தருவது ஜனவரி முதல் டிசம்பர் வரை. சாதாரண ஆண்டில் இதனால் பெரிய கேடு இல்லை. 1991 போன்ற ஆண்டில் உண்டு. அந்த ஆண்டு இலங்கையில் டாலர் சராசரி சுமார் 41.40. இந்தியாவின் காலண்டர் ஆண்டுச் சராசரியான 22.70ஆல் வகுத்தால் 1.82 வரும். 1991–92 நிதியாண்டின் 24.50ஆல் வகுத்தால் 1.69. எந்த ஆண்டு என்று பார்க்காமல் எடுத்ததற்கே இவ்வளவு வேறுபாடு.

இன்னொன்று, சராசரியே சில ஆண்டுகளில் பொய் சொல்லும். 1966இன் இந்தியச் சராசரி டாலருக்கு 6.36 ரூபாய் என்று அட்டவணைகளில் பார்க்கலாம். அந்த விலைக்கு அந்த ஆண்டில் ஒரு நாள்கூட யாரும் டாலர் வாங்கவில்லை. ஜூன் 5 வரை 4.76, ஜூன் 6 முதல் 7.50. நடுவில் எதுவும் இல்லை. 1977இல் இலங்கைக்கும் இதே நிலைதான்: ஆண்டுச் சராசரி 8.87, ஆண்டு முடிவில் 15.50க்கு மேல். விகிதம் துண்டாக உடைந்த ஆண்டுகளில் சராசரியைத் தொடாதீர்கள், தேதியைப் பாருங்கள்.

ஓர் இந்திய ரூபாய்க்கு மூன்றரை இலங்கை ரூபாய் என்பதால் இலங்கை மூன்றரை மடங்கு ஏழை என்று சிலர் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். நாணயத்தின் அலகு எவ்வளவு சிறியது என்பதற்கும் நாட்டின் செல்வத்துக்கும் தொடர்பில்லை. நெருக்கடிக்குப் பிறகும் இலங்கையின் நபர்வாரி வருமானம் இந்தியாவுடையதைவிட அதிகம்.

தாத்தாவின் தாளுக்கு வருகிறேன். 3,200ஐ 1.26ஆல் பெருக்கினால் 4,032 என்றும், சான்றிதழ் விலை சேர்த்த விகிதத்தில் 2,602 என்றும் வந்தது. இவற்றை இன்றைய ரூபாயாக்கிப் பார்ப்பதைவிட அன்றைய தங்கத்தில் பார்ப்பது நல்லது. 1970இல் இந்தியாவில் 10 கிராம் தங்கம் சுமார் 184 ரூபாய், அதாவது எட்டு கிராம் கொண்ட ஒரு தங்கப் பவுன் 147 ரூபாய்ச் சொச்சம். முதல் கணக்கில் 27 பவுன், இரண்டாவதில் பதினேழரைப் பவுன். ஒரு பெண்ணின் கல்யாணத்துக்கு ஆகும் அளவுக்கு வித்தியாசம். ஆயிரம் ரூபாய்கூட இல்லையோ என்று நீங்கள் பயந்த நிலை எந்த வழியிலும் இல்லை.

இந்த இரண்டில் எது அவருக்குக் கிடைத்தது என்பதைத் தாளே சொல்லக்கூடும். 3,200 என்பது இலங்கையில் அவர் கணக்கில் நின்ற தொகை. அது எந்தத் தலைப்பில் வெளியே அனுப்பப்பட்டது என்று அதில் குறித்திருக்கலாம். இந்தியப் பக்கத்தில் வரவு வைத்த ரசீதோ வங்கிப் புத்தகமோ வீட்டில் இருந்தால் இன்னும் நல்லது. அதில் இருக்கும் இந்தியத் தொகையை 3,200ஆல் வகுத்துப் பாருங்கள். 1.26க்கு அருகே வந்தால் அதிகாரபூர்வ விகிதம். 0.81க்கு அருகே வந்தால் சான்றிதழ் விகிதம். இரண்டுக்கும் பொருந்தாமல் நடுவில் எங்கோ நின்றால், பணம் ஒரே தவணையில் வரவில்லை என்று பொருளாக இருக்கலாம்; சேமலாப நிதிக்கு ஒரு தாளும் பணிக்கொடைக்கு ஒரு தாளும் தனித்தனியாக இருக்கிறதா என்று அதே பெட்டியில் தேடிப் பாருங்கள்.